பதினொரு அணிந்துரை பெற்ற மறுமலர்ச்சிக் கவிஞர்

கவிதை எழுதுகிறவர்களைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்ல வரவில்லை. அவர்கள் சாதுக்கள். எழுதுவார்கள், மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுவார்கள், போய்ப் படுத்துவிடுவார்கள். அதனால் ஊருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நாம் பார்க்கப் போவது அதற்கு அடுத்த படியில் நிற்கிற இனத்தை. எழுதியதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பத்திரிகை ஆசிரியர் வீட்டு மணியை அடிப்பவர், அச்சகத்து வாசலில் குடையோடு நிற்பவர், மை காயாத தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, 'ஒரே ஒரு சின்னத் திருத்தம்' என்று தொடங்குபவர். இவருக்கு மறுமலர்ச்சிக் கவிஞர் என்று பெயர். பெயர் வைத்தது யார் என்று கேட்காதீர்கள். தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்ட பிள்ளை இது.

லண்டனில் இருந்தவர்களுக்கு இந்த இனம் புதிதல்ல. ஆர்ச்வே முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் தோளைத் தொட்டு, "தம்பி, ஒரு நாலு வரி கேக்கிறீரோ?" என்றாரே, அவர்தான். நாலு வரிதானே என்று நீங்களும் நின்றீர்கள். மூன்று ரயில் போய்விட்டது. நாடா இன்னும் கட்டவில்லை.

இந்த இனத்தின் மூல நம்பிக்கை ஒன்றே ஒன்று. தமிழ் எங்கோ, எப்போதோ, சாப்பிட்ட களைப்பில் நித்திரைக்குப் போய்விட்டது. அதைத் தட்டி எழுப்பும் பொறுப்பு தம்முடையது. எழுப்பிய பிறகு தமிழ் என்ன செய்ய வேண்டும் என்பது பற்றி இவர்களுக்கு ஒரு யோசனையும் கிடையாது. எழும்பினால் போதும்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். மோர்டனில் வசித்த திரு. அம்பலவாணன். 1990ஆம் ஆண்டு, வயது ஐம்பத்தெட்டு. பகலில் ஒரு கவுன்சில் அலுவலகத்தில் குப்பைத் தொட்டி பற்றிய முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதும் எழுதுவினைஞர். 'தங்கள் கடிதம் கிடைத்தது, உரிய கவனம் செலுத்தப்படும்' என்ற ஒரே வாசகத்தைப் பதினாறு வருடமாக ஒரு காற்புள்ளிகூட மாற்றாமல் எழுதியவர். திருத்தும் வெறியை முழுக்க வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார்.

வீட்டில் இருந்தது 'தேம்ஸ் விடு தூது'. நானூறு கண்ணிகள் கொண்ட காவியம். தொடக்கத்தில் அது காவியமல்ல, காகிதம். 1974இல் ஆர்ச்வேயில் ஒரு குளிர் அறையில் தனியே கிடந்த அம்பலவாணன், விசாவுக்காக யாழ்ப்பாணத்தில் காத்திருந்த புது மனைவி பாலாம்பிகைக்கு, தேம்ஸ் நதியைத் தூது அனுப்பிப் பன்னிரண்டு கண்ணிகள் பாடி, நீல விமானக் கடிதத்தில் தபாலில் போட்டார். இரண்டு வருடத்தில் பாலாம்பிகை வந்து சேர்ந்தார். தூது போன காரியம் முடிந்தது. வேறு யாராவது என்றால் அத்தோடு விட்டிருப்பார்கள்.

ஆள் வந்த பிறகும் தூது நிற்கவில்லை. மூன்றாம் திருத்தத்தில் பாலாம்பிகை தமிழன்னை ஆனார். ஏழாம் திருத்தத்தில் தமிழன்னை 'மறுமலர்ச்சி' என்னும் நங்கை ஆனாள். பன்னிரண்டு கண்ணி நாற்பதாயிற்று, நூறாயிற்று, நானூறாயிற்று. பாலாம்பிகையோ மருந்துக்கடையில் வேலை செய்பவர். டொக்டர் எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடியே எடுத்துக் கொடுத்துப் பழகியவர். மூன்று திருத்தம் வரைக்கும் பொறுமையாக வாசித்தார். நாலாவதில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இஞ்சருங்கோ, நான் வாசிச்சு முடிக்கிறதுக்கிடையிலை நீங்கள் மாத்திப்போடுறியள். இது அச்சிலை வரட்டும். அதுக்குப் பிறகு மாத்தேலாதெல்லே? அப்ப வாசிக்கிறன்."

அம்பலவாணனுக்குப் புத்தகம் போடும் ஆசை அன்றைக்குப் பிடித்தது. மேடைகளில் அவர் தமிழுக்காக என்பார், எதிர்காலச் சந்ததிக்காக என்பார். உண்மை அதுவல்ல. மனைவி வாசிக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த ஆசையைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. மிச்சம் எல்லாவற்றுக்கும் சிரிக்கலாம்.

முதலில் அகப்பட்டவர் தியாகராஜா. 'வாடை' என்ற மாத இதழைத் தன் வீட்டுப் பின்னறையிலிருந்து நடத்தியவர். ஆசிரியர், நிருபர், முத்திரை ஒட்டுபவர் எல்லாம் அவரே. கவிஞர் இரண்டு தெரு தள்ளி இருந்ததுதான் அவருடைய சாதகத்தில் இருந்த கோளாறு. பத்திரிகை ஆசிரியர்களுக்கென்று ஒரு மந்திரம் இருக்கிறது: "அண்ணை, கிடைச்சது. அடுத்த இதழிலை பாப்பம்." சாதாரணக் கவிஞர்கள் இதைக் கேட்டதும் ஆறு மாதம் வரமாட்டார்கள். மறுமலர்ச்சிக் கவிஞர் மறுநாளே வருவார். ஏன்? முந்தின நாள் கொடுத்ததில் ஒரு சின்னத் திருத்தம்.

ஒருநாள் தாங்க முடியாமல் தியாகராஜா ஒரு கேள்வி கேட்டுவிட்டார்.

"அண்ணை, தேம்ஸ் கிழக்கை போய்க் கடலிலை விழுகுது. நீங்கள் அதை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புறியள். அது எந்த வழியாலை போகும்?"

கவிஞர் எழும்பிப் போனார். தியாகராஜா பிழைத்தோம் என்று தேத்தண்ணி குடித்தார். மூன்று மாதம் கழித்து மணி அடித்தது. நதியை ஜிப்ரால்டர் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் இறக்கி, சூயஸ் கால்வாயைக் கடத்தி, ஏடனில் இளைப்பாற்றி, பருத்தித்துறையில் கரையேற்றும் நாற்பது புதிய கண்ணிகளோடு கவிஞர் வாசலில் நின்றார். கேள்வி கேட்ட வாயைத் தியாகராஜா என்ன செய்வது?

கடைசியில் பதினாறு வரி போடுவதாக ஒப்புக்கொண்டார். இதழ் வந்தபோது எட்டு வரிதான் இருந்தது. மற்ற எட்டு வரியின் இடத்தில் ஒரு கடைக்காரரின் புழுங்கல் அரிசி விளம்பரம் உட்கார்ந்திருந்தது. கவிஞர் சண்டைக்குப் போகவில்லை. ஒரு சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து மோர்டன் வரைக்கும் தமிழ்க் கடை ஒவ்வொன்றிலும் ஏறி, விற்பனைக்கு அடுக்கி வைத்திருந்த 'வாடை' அத்தனையிலும், அரிசி மூட்டைப் படத்துக்கு மேலே, அந்த எட்டு வரியையும் தம் கைப்பட எழுதினார். அந்த மாதம் அரிசி வாங்க வந்தவர்கள் விலையைப் படிக்க முடியாமல் திரும்பிப் போனார்களாம்.

இதோடு நின்றிருப்பார். அந்தக் கெட்ட காலத்தில்தான் உள்ளூர் நூலகத்தில் ஒரு புத்தகம் அவர் கையில் கிடைத்தது. நானூறு வருடத்துக்கு முந்திய ஆங்கில மறுமலர்ச்சிக் கவிஞர்களைப் பற்றிய புத்தகம். அந்தக் கவிஞர்கள் இதே லண்டனில் அச்சுக்கூடத்துக்குள் வந்து நின்று, அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தச் சொல்லி வரிகளை மாற்றுவார்களாம். அதனால் ஒரு பிரதியைப் போல இன்னொரு பிரதி இராதாம். புரவலர்களுக்கு ஆளுக்கொரு சமர்ப்பணமும் அச்சிடுவார்களாம். அம்பலவாணன் அந்தப் பக்கத்தை மூன்று தரம் வாசித்தார். தாம் செய்வது தொல்லை என்றல்லவா இதுவரை எல்லோரும் சொன்னார்கள்? இல்லை, இது மரபு!

இந்த மரபைத் தலையில் சுமக்க வாய்த்தவர் யாக்கோப்பு. மன்னார்க்காரர், கத்தோலிக்கர், ஃபாரஸ்ட் கேட்டில் ரயில் பாலத்தின் வளைவுக்குக் கீழே அச்சகம் வைத்திருந்தார். கலியாண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு அழைப்பிதழ், நாட்காட்டி எல்லாம் அங்கே அச்சாகும். ஆனால் அடுப்பு எரிந்தது கல்வெட்டால். நம்மவர் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கும் நினைவு மலர்தான் கல்வெட்டு. படம், வாழ்க்கைக் குறிப்பு, பிள்ளைகள் மருமக்கள் பெயர், பெரியவர்களின் புகழுரைகள், தேவாரம், கடைசியில் 'நேரில் வந்தும் தொலைபேசியிலும் தந்தி மூலமும்' என்று ஒரு நன்றி நவிலல். யாக்கோப்பின் கொம்பியூட்டரில் அது ஒரு வார்ப்பாகவே ஆயத்தமாக இருக்கும். ஆளும் தேதியும்தான் மாறும்.

அம்பலவாணன் கொண்டு வந்த கவிதையில் ஆள் மாறவில்லை, மற்றதெல்லாம் மாறியது. வெள்ளிக்கிழமை எழுத்துக் கோத்த பக்கம் திங்கட்கிழமை வேறு பக்கம். எழுத்துக் கோத்த பெண்கள் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வேலையை விட்டார்கள். மூன்றாமவர் போகும்போது, இனித் தமிழே வேண்டாம் என்று பிரெஞ்சு படிக்கப் போய்விட்டார். அச்சு ஓடத் தொடங்கிய அன்று கவிஞர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். அச்சு ஓட்டியவர் தமிழ் ஓரெழுத்தும் அறியாத ஒரு வெள்ளைக்காரர். ஐம்பது தாள் போனதும் கவிஞர் கையை உயர்த்துவார், அவர் நிறுத்துவார். மத்தியானத்துக்குள் பதினோரு தரம் நிறுத்தினார். பன்னிரண்டாம் தரம் இயந்திரத்தை மட்டுமல்ல, புகைப்பதை விட்டு ஆறு வருடமான அந்த மனிதர் அந்த விரதத்தையும் நிறுத்திவிட்டார்.

யாக்கோப்பு சுவரிலிருந்த மாதாவின் படத்தைப் பார்த்தார். "தாயே, இந்த ஒரு புத்தகத்தை முடிச்சுத் தா. உன்ரை லூர்துக் கோயிலுக்கு வாறன்."

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "அண்ணை, இதிலை எழுதுங்கோ. இனி ஒரு வரியும் மாத்தமாட்டன் எண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ. தேதியும் போடுங்கோ."

"ஒரு சின்ன..."

"வையுங்கோ அண்ணை."

வைத்தார். 12.10.1990. வெள்ளிக்கிழமை. "இனிமேல் நீங்கள் இந்தக் கதவுக்கு உள்ளை வரப்படாது. தர வேண்டியது இருந்தால் கடிதத் துவாரத்தாலை போடுங்கோ," என்று யாக்கோப்பு கவிஞரின் குடையை எடுத்துக் கையில் கொடுத்தார். அடுத்த இரண்டு வாரத்தில் கவிதைப் பக்கங்கள் அச்சாகி முடிந்தன. சொன்ன சொல் தவறாத யாக்கோப்பு லூர்துக்குப் புறப்பட்டார். அன்று காலைதான் நாலாவது எழுத்துக்காரி பியற்றிஸ் வேலைக்குச் சேர்ந்தார். "முன்பக்கங்கள் தபாலிலை வரும், பிள்ளை. வந்தபடி பாத்துப் போடு. பதினோராந் தேதி விழா," என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவர் ரயிலைப் பிடிக்க ஓடினார்.

முன்பக்கங்கள் வந்தன. என்ன முன்பக்கம் என்கிறீர்கள்? கோடை காலத்திலேயே வாங்கி வைத்த அணிந்துரைகள். தமிழ்ப் புத்தகத்துக்கு ஓர் அணிந்துரை போதாது என்பது உங்களுக்கும் தெரியும். கோயில் குருக்களிடம் ஆசியுரை வாங்கினால் டொக்டரிடம் வாழ்த்துரை வாங்க வேண்டும். டொக்டரிடம் வாங்கினால் கணக்காளர் கோபிப்பார். கணக்காளரைச் சமாதானப்படுத்தினால் ஓய்வுபெற்ற அதிபர் தெருவில் முகம் திருப்புவார். பதினோராவது ஆளாகத் தியாகராஜாவிடமும் ஒரு பாராட்டுரை வாங்கப்பட்டது. பதினொருவரில் ஒருவரும் காவியத்தைப் படிக்கவில்லை. படிக்காத கவிதையை எப்படிப் புகழ்வது? ஆகவே எல்லோரும் மனிதரைப் புகழ்ந்தார்கள். 'இவரைப் போல ஒருவரை இனிக் காண்பது அரிது' என்றார் குருக்கள். 'அவருடைய புன்னகை என் கண்ணை விட்டு அகலவில்லை' என்றார் டொக்டர். 'அவர் ஆற்றிய பணி என்றும் நிலைத்து நிற்கும்' என்றார் தியாகராஜா. அந்தப் பணி நின்றால் போதும் என்று அவர் மனத்துக்குள் நினைத்திருக்கலாம்.

இவற்றோடு, நெற்றியில் விபூதியும் கழுத்தில் முடிச்சுப் போட்ட ரையுமாகப் பதினைந்து வருடத்துக்கு முன் எடுத்த படம் ஒன்று. 'அவர்' 'இவர்' என்று தம்மைத் தாமே படர்க்கையில் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு. மனைவி, உடன்பிறந்தார், அவர்களின் பிள்ளைகள் பெயர். நேரிலும் தொலைபேசியிலும் ஊக்கம் தந்தவர்களுக்கு நன்றி நவிலல். எல்லாவற்றையும் ஒரு பெரிய உறைக்குள் போட்டு, நாள் 11.11.1990 என்று மேலே எழுதி, கவிஞர் கடிதத் துவாரத்தால் தள்ளிவிட்டுப் போனார்.

பியற்றிஸ் உறையைப் பிரித்தார். படித்தார். பாவம், கண் கலங்கிற்று. கொம்பியூட்டரில் கல்வெட்டு வார்ப்பைத் திறந்தார்.

எல்லாம் அச்சாக வார்த்தாற்போலப் பொருந்தியது. ஒன்றே ஒன்று குறைந்தது: மறைந்த தேதி. கவலையில் குடும்பத்தார் எழுத மறந்துவிட்டார்கள் போலும் என்று நினைத்தார். இந்த நேரத்தில் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து அதைக் கேட்பது அழகா? பியற்றிஸ் கெட்டிக்காரி. முப்பத்தோராம் நாள் நவம்பர் பதினொன்று என்றால் முதலாம் நாள் எது? சுவர் நாட்காட்டியில் விரல் வைத்துப் பின்னோக்கி எண்ணினார். ஒக்டோபர் பன்னிரண்டு. அந்தத் தேதியைப் போட்டு, பெயருக்கு முன்னால் 'அமரர்' சேர்த்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, கறுப்புக் கரை கட்டி, வார்ப்பில் எப்போதும் இருக்கும், இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவில் மாதத்தையும் திதியையும் மாத்திரம் மாற்றி, அச்சுக்குக் கொடுத்தார். வெள்ளைக்காரர் ஓட்டினார். புத்தகம் கட்டப்பட்டு ஐந்நூறு பிரதியாக அடுக்கப்பட்டது. உறையிலிருந்த முகவரிப்படி பதினொரு பெரியவர்களுக்கும் ஒவ்வொரு பிரதி தபாலில் போயிற்று.

நவம்பர் ஏழாந் தேதி, புதன்கிழமை பின்னேரம். பாலாம்பிகை வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. தொலைபேசி அடித்தது.

"ஹலோ, அம்பலவாணன் வீடோ? நான் 'வாடை' தியாகராஜா. புத்தகம் இப்பதான் தபாலிலை கிடைச்சது. என்ன சொல்லுறதெண்டே தெரியேல்லை." குரல் உடைந்திருந்தது.

கவிஞருக்கு நெஞ்சு குளிர்ந்தது. படித்துவிட்டு அழுகிறார்! "நல்லா வந்திருக்கோ?"

"வந்தது நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா அவர் போயிட்டார் எண்டதைப் புத்தகத்தைப் பாத்துத்தானே அறிய வேண்டிக் கிடக்கு. ரண்டு தெரு தள்ளி இருந்தும் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. ஒரு மாசமாச்சாம்! நீங்கள் அவருக்கு என்ன முறை?"

கவிஞர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான்தான் அம்பலவாணன் என்று சொல்ல வாயெடுத்தவர், மறுமுனையில் ஓர் ஆசிரியர் தமக்காக மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டு நிறுத்தினார். வாழ்க்கையில் இதற்கு முன் கேட்டிராத சத்தம்.

"நான்... அவரின்ரை தம்பி."

"குரலும் அப்பிடியே அவர்தான். தம்பி, ஆருக்காவது சொன்னால்தான் என்ரை மனம் ஆறும். அவரின்ரை கவிதையிலை எட்டு வரியை அரிசி விளம்பரத்துக்காக வெட்டினனான். அந்த எட்டு வரியும்தான் நல்ல வரி."

கவிஞர் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். "அதை அவர் இருக்கேக்கை சொல்லியிருக்கலாமே."

"இருக்கேக்கை எப்பிடிச் சொல்லுறது? சொன்னால் அடுத்த நாள் எண்பது வரி கொண்டந்திருப்பார்!"

விளக்கு வைப்பதற்கிடையில் இன்னும் நாலு பேர் எடுத்தார்கள். குருக்கள் ஒரு தேவாரமே பாடிவிட்டார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். கவிஞர் விஷயம் பாதிதான் சரி.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அம்பலவாணன் ஃபாரஸ்ட் கேட்டுக்கு ஓடினார். முந்தின நாள் லூர்திலிருந்து திரும்பிய யாக்கோப்பு தீர்த்தப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். காலையில்தான் கட்டிய புத்தகத்தைப் பிரித்துப் பார்த்து, நான் குடையைக் கொடுத்து வெளியே அனுப்பிய அன்றைக்கே மனிதன் போய்விட்டானே என்று ஒரு செபமும் சொல்லியிருந்தார். வாசலில் கவிஞரைக் கண்டதும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஒரு போத்தலைக் கையில் எடுத்தார்.

"நான்தான் அப்பா. உயிரோடைதான் இருக்கிறன்."

யாக்கோப்பு பியற்றிஸைக் கூப்பிட்டார். பியற்றிஸ் பயப்படவில்லை, நியாயம் தன் பக்கம் என்று தெரிந்தவர்.

"ஐயா, பதினொரு பேர் உங்களைப் புகழ்ந்து எழுதியிருக்கினம். உயிரோடை இருக்கிற ஆரைப் பற்றி எங்கட ஆக்கள் அப்பிடி எழுதுவினம்? நீங்களே சொல்லுங்கோ."

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். கவிஞர் புத்தகத்தை வாங்கி முதற்பக்கத்தைப் பார்த்தார். தமது படம், தமது பெயர், பெயருக்கு முன்னால் அமரர், மறைந்த தேதி. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டவர் திதி வெண்பாவுக்கு வந்ததும் துள்ளிக் குதித்தார்.

"இது என்ன வெண்பா! ரண்டாம் அடியிலை தளை தட்டுது! இதையோ என்ரை சாவுக்குப் போடுறது?"

"நாப்பது பேருக்குப் போட்டிட்டம், அண்ணை," என்றார் யாக்கோப்பு. "ஒருத்தரும் குறை சொல்லேல்லை."

முன்பக்கங்களைக் கழற்றித் திரும்ப அச்சிட்டுக் கட்டப் பத்து நாளாவது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு இந்தப் புத்தகம், அல்லது புத்தகமே இல்லை. கவிஞர் அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். பத்து நாள் கிடைத்தால் தாம் என்ன செய்வார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். சூயஸ் கால்வாயில் இன்னும் வேலை இருந்தது. பத்து நாள் பத்து மாதமாகும். பாலாம்பிகை இன்னும் காத்திருப்பார். வாழ்க்கையில் முதல் தடவையாக அம்பலவாணன் ஓர் அச்சுப் பிழையைப் பார்த்து, "இருக்கட்டும்," என்றார்.

யாக்கோப்பு திரும்பி மாதாவின் படத்தைப் பார்த்தார். லூர்துக்குப் போனது வீணில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது பாலாம்பிகை அலுமாரியைத் திறந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப ஞாயிற்றுக்கிழமை நான் என்ன நிறத்திலை சீலை கட்டுறது?"

மயில் கழுத்து நிறத்தில் கட்டிக்கொண்டு போனார். மண்டபத்தில் மற்ற எல்லோரும் வெள்ளை. சாதாரணமாக ஒரு கவிதைப் புத்தக வெளியீட்டுக்கு லண்டனில் இருபத்தேழு பேர் வருவார்கள். அதில் ஒன்பது பேர் பேச்சாளர், பத்துப் பேர் பேச்சாளர்களின் மனைவிமார். செய்தி பரவி அன்று முந்நூறு பேர் வந்து, கதிரை இல்லாமல் சுவரோரம் நின்றார்கள். மாலைகள் வந்தன. வடையும் பாயசமும் வந்தன. போதாக்குறைக்கு அது போரில் இறந்தவர்களை நாடு முழுக்க நினைவுகூரும் ஞாயிற்றுக்கிழமை. வந்தவர்களில் பாதிப் பேரின் மேற்கோட்டில் சிவப்புக் காகிதப் பூ. கவிஞர் உள்ளே நுழைந்ததும் தமக்காக ஆங்கிலேயரும் துக்கம் அனுஷ்டிக்கிறார்களோ என்று ஒரு கணம் நினைத்தார்.

விழாத் தலைவர் தியாகராஜா மேடைப் படியில் அவரைக் கண்டு வெலவெலத்துப் போனார்.

"அண்ணை! நீங்கள்... இருக்கிறியள்!"

"ஓம், தம்பி."

"ஐயோ, அப்ப ரெலிபோனிலை?"

"அதுவும் நான்தான்."

தியாகராஜாவின் முகம், சிவப்புப் பேனை பட்ட அந்த அரிசி விளம்பரத்தின் நிறத்துக்கு வந்தது. கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். "நான் பேச்சு எழுதிக்கொண்டு வந்திட்டன்."

"எழுதினபடி வாசியும். ஒண்டும் மாத்தாதையும்," என்றார் அம்பலவாணன். இதைச் சொன்னது யார் என்று இன்னொரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியே நடந்தது. சனம் கொஞ்சம் சலசலத்தது; ஆனால் வடை வந்துவிட்டது, வெள்ளை உடுத்தாயிற்று, பேச்சாளர்கள் ஆயத்தம். வந்த சனத்தை வெறுமனே திருப்பி அனுப்புவது நம் பண்பாடா? ஒரு நிமிட மௌன அஞ்சலி என்றார் தியாகராஜா. எல்லோரும் எழுந்தார்கள். கவிஞரும் எழுந்து தலை குனிந்து நின்றார். எல்லோரையும்விட அவர்தான் உருக்கமாக நின்றார். பதினொரு பெரியவர்களும் பேசினார்கள். ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று முன்வரிசையிலிருந்த அவரையே பார்த்துக் கைநீட்டிச் சொன்னார் கணக்காளர். அவர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். டொக்டர்கூட நாடி பிடித்துப் பார்க்க நினைக்கவில்லை. ஓய்வுபெற்ற அதிபர், அவரைத் தாம் உயிரோடிருந்தபோது சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்லி அழுதே விட்டார். உயிரோடிருந்தது யார், புரிந்துகொள்ளாதது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் நடந்ததுதான் அதிசயம். கவிதைப் புத்தகம் என்றால் சனம் கதிரையில் வைத்துவிட்டுப் போகும். கல்வெட்டை அப்படி விட்டுப் போக யாருக்கும் மனம் வராது. குப்பையில் போடவும் முடியாது. செத்தவரின் படம் இருக்கிறது. இரு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். மண்டபத்துக்குக் கொண்டு போனதில் ஒரு பிரதியும் மிஞ்சவில்லை. மறுமலர்ச்சி லண்டனில் முந்நூறு சாமியறைகளுக்குள் ஒரே பின்னேரத்தில் புகுந்துவிட்டது.

பாலாம்பிகை தம்முடைய பிரதியோடு வீட்டுக்கு வந்து, சீலையைக்கூட மாற்றாமல், குசினியில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டார். அச்சில் வந்துவிட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். ஒவ்வொரு கண்ணியாக, மருந்துச் சீட்டுப் படிப்பது போல விரல் வைத்துப் படித்தார். அம்பலவாணன் எதிரே உட்கார்ந்து அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் அத்தனை பேர் அழுதபோது ஆடாத மனிதர் இப்போது கதிரை நுனிக்கு வந்திருந்தார். பதினாறு வருடம். மூன்று எழுத்துக்காரிகள். ஒரு வெள்ளைக்காரரின் விரதம். எல்லாம் இந்த ஒரு மேசைக்காகத்தான்.

தேம்ஸ் ஜிப்ரால்டரைத் தாண்டிற்று. சூயஸைத் தாண்டிற்று. ஏடனில் விரல் நின்றது. நெடுநேரம் விரலை எடுக்கவில்லை.

"இது மாத்தேல்லை," என்றார் பாலாம்பிகை.

"எது?"

அவர் மெல்ல வாசித்தார்.

*பாதிக் கட்டில் பனியாய்க் குளிருதடி, மீதியிலே*
*நாதியற்று நான்கிடக்கின் றேன்.*

"இது நீங்கள் எனக்குப் போட்ட காகிதத்திலை இருந்தது. அப்பிடியே கிடக்கு." கண்ணாடிக்குள்ளே கண் நிறைந்திருந்தது. "இதுக்குத்தான் நான் விசா கந்தோரிலை போய் ரண்டு தரம் சண்டை பிடிச்சனான்."

நானூறில் அந்த ஒன்றைத் தொடத் தமக்கு அத்தனை திருத்தத்திலும் கை வராமல் போனது ஏன் என்று அம்பலவாணனுக்கு இப்போது விளங்கியது. அதைச் சொல்லியிருக்கலாம். பேசாமல் இருந்திருந்தாலும் போதும். ஆனால் இனம் இனம்தானே?

"அதிலை அந்தப் 'பனியாய்' எண்டது எனக்கு எப்பவும் ஒரு உறுத்தல்," என்று அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சிவப்புப் பேனையை எடுத்தார். "ரண்டாம் பதிப்பிலை ஒரு சின்னத்..."

பாலாம்பிகை கண்ணைத் துடைத்தார். புத்தகத்தை முதற்பக்கத்துக்குத் திருப்பி, குத்துவிளக்குகளுக்கு நடுவே தேதியில் விரலை வைத்தார்.

"இஞ்சருங்கோ. ஒக்டோபர் பன்ரண்டு. செத்த ஆக்கள் திருத்தேலாது."

பேனையை அவர் கையிலிருந்து வாங்கித் தம் கைப்பைக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டார்.

நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான், நீங்கள் கவிதை எழுதுகிறவர் அல்ல, அச்சகத்து வாசலில் குடையோடு நிற்கிறவரும் அல்ல, உங்களுக்கு யாரும் அணிந்துரை எழுதப் போவதுமில்லை. நல்லது. ஆனால் ஒன்று. இதை வாசித்துக்கொண்டு வரும்போது அந்தச் சூயஸ் கால்வாய் இடத்தில் இன்னும் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம், அரிசி விளம்பரம் இருந்த பத்தியில் ஒரு சொல் பொருந்தவில்லை என்று நினைத்தீர்களே, ஞாபகமிருக்கிறதா? அப்போது மேசையிலிருந்து எதையோ எடுத்தீர்கள். கொஞ்சம் குனிந்து பாருங்கள். உங்கள் கையில் இருப்பது என்ன?